ஏன் ஓடினார்கள்?

பெப்ரவரி 3
மஸ்கெலியாவில் ஓயாத மழை. பழைய பயணப் புத்தகங்களைச் சீமை வாசகர்கள் எப்படி வரவேற்றார்கள் என்று ஆய்வு எழுத ஒப்புக்கொண்டேனே, எனக்கு இது தேவையா?

நூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளைக்காரர் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, விடியலில் பெரட்டுக் களத்துக்கு வேலையாட்களைக் கூப்பிட அடிக்கும் தப்பு மேளத்தைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். பத்திரிகைக்குக் கடிதம் குவிந்திருக்கிறது. எந்தக் கப்பலில் போவது, எந்த பங்களாவில் தங்குவது. அடித்தவன் பேரை ஒருத்தரும் கேட்கவில்லை.

பெப்ரவரி 9
அதைப் படித்துவிட்டு வந்த ஒரு சீமாட்டியின் கட்டுரை கிடைத்தது. அம்மணிக்கு விடியலில் எழ முடியவில்லையாம். தோட்டத்துத் துரை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அடிக்கச் சொன்னாராம். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு நின்ற பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு அலறிக்கொண்டு லயத்து வீடுகளுக்கு ஓடினார்களாம். கண்கொள்ளாக் காட்சி என்கிறார்.

பகலில் தப்புச் சத்தம் கேட்டால் சாவு. பிள்ளைகளை லயத்தில் விட்டுவிட்டு வந்தவளுங்க. அதையா வேடிக்கை பார்த்தே, பாவி?

அந்தக் கட்டுரையைப் படித்தவர்களில் ஒருவராவது கேட்டிருப்பார், ஏன் ஓடினார்கள் என்று. எனக்கு அந்த ஒரு கடிதம் வேண்டும்.

பெப்ரவரி 21
இல்லை.

மார்ச் 2
ஆய்வுக்கு வழிகாட்டும் யசோதினி மிஸ் யாழ்ப்பாணத்திலிருந்து போன் பண்ணினார். "இல்லாத கடிதத்தைத் தேடாதையும் பிள்ளை. இருக்கிறதை எழுதும்."

சரிதான். மனசுதான் கேட்கவில்லை.

மார்ச் 6
துரை பங்களா இப்போது ஓட்டல். அங்கே விருந்தாளிகள் தேநீர் குடிக்கும் நேரத்தில் அப்பா தப்படிக்கிறார். முதல் நாள் அம்மாவும் மலையிலிருந்து ஓடித்தான் வந்தாள். இப்போது யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. சீமாட்டி கதையை அப்பாவிடம் சொன்னேன்.

"பழகிப் போச்சும்மா. அவங்களுக்கும் நமக்கும்."

மார்ச் 14
கிடைத்துவிட்டது! அந்த ஓட்டத்தைப் பற்றியே ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்.

டிசம்பரில் குடும்பத்தோடு வருகிறாராம். அந்தப் பெண்களை மறுபடி ஓட வைக்க முடியுமா என்று கேட்கிறார்.

மார்ச் 15
எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 27
அம்மாவின் அக்கா, அம்மாக்கண்ணு பெரியம்மா, இன்று பின்னேரம் தவறிப் போய்விட்டார். அப்பா லய வாசலில் நின்று அடித்தார். உயர மலையில் நிற்பவர்களுக்குச் சாவு அடியா வேறு அடியா என்று தெரியாது, சத்தம் மட்டும்தான் எட்டும். சத்தம் கேட்டால் அம்மா வந்துவிடுவாள் என்று நாங்கள் ஆள் அனுப்பவில்லை.

வரவில்லை. கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, இருட்டும்போது மெதுவாக இறங்கி வந்தாள். வாசலில் கூட்டத்தைப் பார்த்து நின்றாள்.

"பங்களாவுக்குத்தான் அடிக்கிறாருன்னு நெனச்சேன்" என்றாள்.