பீலிக்கு ஒரு மறைப்பு

1962 ஜூன் 11, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல், காற்று. விறகு ஈரம். பிள்ளைக்காம்பராவில் பால் காய்ச்சி முடிப்பதற்குள் கண்ணெல்லாம் புகை. கொழுந்தெடுக்கப் போன தாய்மார் விட்டுச்சென்ற பிள்ளைகளில் பாதிக்கு மூக்கொழுகல். தூக்கித் தூக்கி இடுப்பு வலி.

மாலையில் ராகலை டவுன். எங்கள் மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்த ஹனிபா முதலாளி கடைக்கு வரச்சொல்லியிருந்தார். நுவரெலியா தர்ம நிதிக் கமிட்டி எங்கள் மாதர் சங்கத்தின் மனுவைப் பார்த்துவிட்டதாம். மேல் லயத்து வீடுகளின் பெண்கள் குளிக்கிற, மலைத்தண்ணீர் விழும் பீலியைச் சுற்றி ஒரு மறைப்பு, மேலே கூரை. அவ்வளவுதான் கேட்டிருந்தோம். இடத்துக்குத் தோட்டத்துத் துரை சம்மதம். பணம் மட்டும் தரமாட்டார்.

"குடுப்பாங்க போல தங்கச்சி. ஆனா ஒரு சட்டம் வெச்சிருக்காங்க. சங்கத் தலைவர் பிரஜா உரிமை உள்ள ஆளா இருக்கணுமாம்."

பிரஜா உரிமைக்கு நான் போட்ட மனு எப்போதோ தள்ளுபடி. தலைவி பொன்னம்மா அக்காவுடையதும் தள்ளுபடி. எங்கள் லயங்களில் அந்த உரிமை கிடைத்தது ஒரே ஆளுக்கு. வீராசாமி அண்ணன். தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிறவர். யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ளாதவர்.

சீனி, தேங்காயெண்ணெய் வாங்க மறந்து திரும்பினேன்.

ஜூன் 12, செவ்வாய்

அக்காவிடம் சொன்னேன். மலையிலிருந்து இறங்கி, கூடையைக்கூட வைக்கவில்லை.

பீலி வண்டிப்பாதை ஓரத்தில். லொறிக்காரர்கள் நிறுத்தி வைத்துப் பார்ப்பார்கள். அதற்குப் பயந்து பெண்கள் விடியுமுன் இருட்டில் போவது. அப்படிப் போய் வழுக்கித்தான் அக்காவின் மகள் செல்விக்குக் கை முறிந்தது. இன்னும் கொழுந்தெடுக்க முடியவில்லை. அதன் பிறகுதான் அக்கா வீடு வீடாக ஏறி இறங்கிச் சங்கம் சேர்த்தார். எழுதப் படிக்கத் தெரியும் என்று என்னைச் செயலாளர் ஆக்கினார்.

"மாதர் சங்கத்துக்கு மீசை வச்ச தலைவரா?" என்றார். சிரிக்கவில்லை.

"பேருக்குத்தான் அக்கா."

"பேரு மட்டுந்தானே நமக்கு இல்லேங்கிறாங்க. அதையும் நாமளே எடுத்துக் குடுக்கணுமா?"

கூடையை இறக்கிவைத்துவிட்டு அடுப்பு மூட்டப் போனார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்தே, "போய்க் கேளு. நான் கேக்க மாட்டேன்."

ஜூன் 14, வியாழன்

வெயில். பிள்ளைகளின் துணியெல்லாம் காய்ந்தது. பெரிய நிம்மதி.

வீராசாமி அண்ணன் வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். "எனக்கு என்ன தெரியும் அதெல்லாம்" என்றார். பிறகு, "எப்ப வரணும்?"

சரி என்கிறாரா என்று கேட்கப் பயம். சனிக்கிழமை, முதல் பஸ் என்று மட்டும் சொல்லி வந்துவிட்டேன்.

ஜூன் 16, சனி

நு. எலியா போய்த் திரும்பினோம். கால் வீக்கம். ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

பஸ்ஸில் அக்கா முன்னால், வீராசாமி அண்ணன் பின்னால். மண்டபத்தில் வெளியே பெஞ்சில் நீண்ட நேரம். எங்களுக்கு முன் வாசிகசாலைக்காரர்கள், அதற்கு முன் கால்பந்துக் குழு. எல்லோர் காலிலும் சப்பாத்து. நாங்கள் ஈரச் சேலையோடு.

கமிட்டித் தலைவர் வயதான டாக்டர். நல்ல மாதிரி. சிங்களத்தில் கேட்டதை, அங்கே வந்திருந்த ஹனிபா முதலாளி தமிழில் சொன்னார். "சங்கத் தலைவரே சொல்லட்டுமாம். குளிக்கிற இடத்துக்கு மறைப்பு எதுக்கு? எப்பிடி இந்த யோசனை வந்திச்சு?"

வீராசாமி அண்ணன் எழுந்தார். யாரோடும் பேசாதவர், காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

"என் சம்சாரம் இருட்டுலதான் குளிக்கப் போகுமுங்க. சளி புடிச்சு, அப்புறம் நெஞ்சுக்குள்ள போயிருச்சு. செத்துப்போச்சு. ஏன் இருட்டுல போறேன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லீங்க."

நிறுத்தி, அக்காவைக் காட்டினார்.

"யோசனை இவுங்களுது. சங்கமும் இவுங்கதான். நான் உரிமைப் பத்திரத்துக்காக வந்தவன். பொய் சொல்லி வாங்க வேணாம்னு பாத்தேன்."

முதலாளி சிறிது தயங்கினார். பிறகு முழுவதையும் அப்படியே சொன்னார். கமிட்டிக்காரர்கள் தங்களுக்குள் பேசினார்கள். சொல்லியனுப்புகிறோம் என்றார்கள்.

காரியம் கெட்டது என்றுதான் நினைத்தேன். எரிச்சல், அழுகை, இரண்டும். பஸ் ஸ்டாண்டில் அக்கா மூன்று பிளேன்டீ வாங்கினார். ஒன்றை வீராசாமி அண்ணனிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஜூன் 28, வியாழன்

மழை. கைக்குழந்தை ஒன்றுக்குக் காய்ச்சல், டிஸ்பென்சரிக்கு இரண்டு தடவை.

செய்தி வந்தது. கிடைத்துவிட்டது. கேட்டதில் பாதி. பணமாக அல்ல, தகரமும் சீமெந்தும் மரமும். வேலை நாங்களே செய்துகொள்ள வேண்டும். தலைவர் இடத்தில் வீராசாமி பெயர்தான். சட்டம் சட்டந்தான் என்று டாக்டர் வருத்தப்பட்டாராம்.

அக்காவிடம் ஓடினேன். "பாதிக்குக் கூரை வராது" என்றார். பிறகு, "மறைப்பு வரும்ல?"

வரும் என்றேன்.

ஜூலை 15, ஞாயிறு

எல்லோரும் வேலை. பெண்கள் கல் சுமந்தோம். செல்வி ஒரு கையால் மண் அள்ளினாள். வீராசாமி அண்ணன் மரம் நட்டார். ஆண்களில் நாலைந்து பேர் மட்டும். மற்றவர்கள் பாதையில் நின்று யோசனை சொன்னார்கள். கையெல்லாம் கொப்புளம். நாளை பிள்ளைகளைத் தூக்க வேண்டும்.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

திறப்பு விழா. காற்று, நல்ல வெளிச்சம். கூரை இல்லை. துரைசானி ரிப்பன் வெட்டினார். பலகையில் கமிட்டியின் பெயர் பெரிய எழுத்தில், அடியில் தலைவர் க. வீராசாமி. மாலையை அவர் கழுத்தில் போட்டார்கள். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அக்கா கூட்டத்தின் கடைசியில். கூப்பிட்டும் முன்னால் வரவில்லை.

கார்கள் போன பிறகு பெண்கள் வாளியோடு வரிசை. பட்டப்பகலில். முதலில் அக்காதான் என்று எல்லோரும் தள்ளி உள்ளே விட்டோம்.

வெகுநேரம் வெளியே வரவில்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும்.

"அக்கா, நாங்களும் குளிக்கணும்."

"இருங்கடி. இம்புட்டு வருசத்துல இன்னிக்குத்தான் முதுகு தேச்சுக் குளிக்கிறேன்."

யாரும் அவசரப்படுத்தவில்லை. என் முறை வந்தபோது வெயில் போய்விட்டது. தண்ணீர் ஐஸ். நானும் நிதானமாகவே குளித்தேன்.