ஐந்து சுவர் தாண்டும் அடாப்டர்

நவம்பர் 9, ஞாயிறு, மாலை 5.10

தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக வீடு எட்டு. மோடம் ஒன்று, மூன்றாம் வீட்டில். என் வீடு எட்டாவது. நடுவில் கருங்கல் சுவர் ஐந்து. என் அறையில் வைஃபை சுத்தமாக இல்லை. மழை விட்டிருக்கிறது. பள்ளிவாசல் எஸ்டேட் பக்கம் மூட்டம்.

இப்போதுதான் செல்வி அக்கா வீட்டிலிருந்து வந்தேன். மோடம் அவர் வீட்டில்தான். எட்டு வீட்டுக்கும் பொது. வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டார் ஞாயிறு சாயங்காலம் முறைபோட்டு அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வீடியோவில் பேசவேண்டும். மற்றவர்கள் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். குவைத்தில் நர்ஸாக இருக்கும் என் மனைவியிடம் பதினொரு மாதமாக நான் பேசும் லட்சணம் இது.

"என்ன கவிதா, இப்பிடி மெலிஞ்சிட்ட? அங்க சோறு கீறு போடுறாங்களா இல்லியா?" செல்வி அக்கா.

"ஒம் புருசன் இங்க மூணு வேளையும் எங்க வீட்டுக் கொழம்புதாம்மா. சீக்கிரம் வந்து மீட்டுட்டுப் போ." ஆறாம் வீட்டு முருகேசன் அண்ணன்.

கவிதா சிரித்தாள். அப்புறம் கேட்டாள்: "இன்னும் ஒரு வருசம் இருக்கச் சொல்றாங்க. அடுத்த ஞாயித்துக்குள்ள கையெழுத்துப் போடணுமாம். என்னங்க சொல்றீங்க?"

பின்னால் இத்தனை தலை. "உன் இஷ்டம்" என்றேன்.

முட்டாள்.

நவம்பர் 10, திங்கள்

வெயில். ஷிப்டில் முழுக்க யோசனை. போனுக்கு ஆன்டெனா மாட்ட முடியாது. படிக்கும்போது வாங்கிய டெஸ்க்டாப்புக்கு மாட்டலாம். கேமரா, மைக் இருக்கிறது. யுஎஸ்பி வைஃபை அடாப்டர்தான் பாக்கி. என் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, கையெழுத்துப் போடாதே, வந்துவிடு என்று சொல்லவேண்டும். ஞாயிறுக்குள்.

மூணாறு. ஷாஜி சேட்டன் கடை. மூன்று எடுத்துப் போட்டார்.

அ. நகம் அளவு. ஆன்டெனா இல்லை. வேஸ்ட்.
ஆ. ஒரு சாண் ஆன்டெனா. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். பழைய மாடல்.
இ. இரட்டை பேண்ட், 5 கிகாவும் உண்டு. பெட்டியே பளபள.

"வீட்டுச் சுவரு கல்லோ, ஹாலோ பிளாக்கோ?"

"அதெல்லாம் எனக்குத் தெரியும் சேட்டா. ஸ்பெக் காட்டுங்க."

"சரி மோனே."

இ-யை வாங்கினேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, டீ ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ். என்னிடம் சுவர் கேட்கிறார்.

நவம்பர் 11, செவ்வாய்

அடாப்டருக்கான டிரைவர் சாஃப்ட்வேர் சிடியில். சிடி டிரே திறக்கவில்லை. நெட்டில் இறக்கலாம்; நெட்டுக்கு டிரைவர் வேண்டும். ரோட்டு வளைவில்தான் போனுக்கு டவர் கிடைக்கும். போய் நின்றேன். பாதி லயம் அங்கே. நாற்பது நிமிடம். 92 சதவீதத்தில் நின்றது. மறுபடி முதலிலிருந்து. மழை.

நவம்பர் 12, புதன்

டிரைவர் ஏறியது. நீல விளக்கு எரிந்தது. 5 கிகா: ஒன்றும் இல்லை. 2.4: ஒரு கோடு வந்தது, போனது. இதன் ஆன்டெனா உள்ளேயே இருக்கும் துணுக்கு. 5 கிகா கருங்கல்லுக்குள் போகாது, முதல் வருடப் பாடம். வேகம் பார்த்தேன், சுவரைப் பார்க்கவில்லை. சேட்டன் கேட்டார்.

மெசேஜில் சொல்லலாம்தான். "வந்துடு" என்று அடித்தேன். அதட்டல் மாதிரி இருந்தது. அழித்தேன். முகம் பார்த்துச் சொல்லவேண்டியது.

குளிர் இறங்கிவிட்டது. படுத்ததும் பாதம் இரண்டையும் என் கெண்டைக்காலுக்கு அடியில் சொருகிக்கொள்வாள். ஐஸ் மாதிரி இருக்கும். திட்டுவேன். கல்யாணமாகி மூன்றே மாதம் இருந்தாள். இன்னமும் கால் தானாக அந்த இடத்தை விட்டுத்தான் படுக்கிறது.

நவம்பர் 13, வியாழன்

ஃபேக்டரியில் தேயிலை உலர்த்தும் டிரையரின் மோட்டார் புகைந்துவிட்டது. இரண்டு ஷிப்ட். மூணாறு போக முடியவில்லை. மூன்று நாள் மிச்சம்.

நவம்பர் 14, வெள்ளி

பெட்டியைக் கவுன்டரில் வைத்தேன்.

"கல்லுச் சுவருதானே?"

"ம்."

குத்திக்காட்டவில்லை, நல்ல மனிதர். ஆ-வை எடுத்துக் கொடுத்தார். கூட மூன்று மீட்டர் யுஎஸ்பி கேபிள். "ஜன்னலுக்கு வெளிய நீட்டி வெய். சுவரு வழி வேண்டா, முற்றம் வழி வரட்டும்." சரியான யோசனை. எனக்குத் தோன்றவில்லை.

செல்வி அக்காவிடம் மோடத்தை ஜன்னலோரம் வைக்கச் சொன்னேன்.

"எதுக்குப்பா?"

"சூடாகுது. காத்து வாங்கட்டும்."

"எனக்குத் தெரியாதாக்கும். வச்சிட்டேன், போ. போயி பேசு."

நவம்பர் 15, சனி, மாலை 6.30

ஜன்னல் கம்பியில் ஆன்டெனா, மேலே பிளாஸ்டிக் கவர். இரண்டு கோடு. ஐந்து மணிக்குக் கூப்பிட்டேன். பதறிக்கொண்டு எடுத்தாள்.

"இன்னைக்கு சனிக்கெழமையாச்சே. யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நம்ம வீட்ல இருந்து பேசுறேன்."

"அக்கா எங்க?"

"யாருமில்ல. நான் மட்டும்தான்."

என் பின்னால் தேடிப் பார்த்தாள். காலிச் சுவர். முடியை ஒதுக்கினாள். நான் மவுஸைத் தேய்த்தேன். எனக்குப் பொறுமை கிடையாது. சொல்லிவிட்டேன்.

"கையெழுத்துப் போடாத. வந்துரு."

நெட் நின்றுவிட்டது என்று நினைத்தேன். இல்லை, அவள்தான் அசையாமல் இருந்தாள்.

"புதன்கெழமையே போட்டுக் குடுத்துட்டேங்க."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம்னியே?"

"ரெண்டு நாள் ஒங்க மெசேஜுக்குப் பாத்தேன். நான் வராட்டியும் ஒங்களுக்குப் பரவால்ல போலனு நெனச்சேன்."

புதன். நான் நீல விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்த நாள். திங்களன்றே ஆ-வை வாங்கியிருந்தால் செவ்வாய் பேசியிருப்பேன்.

அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, "இப்பயாவது கேட்டீங்களே" என்றாள். அவளுக்கு இரவு டூட்டி. தூங்கவேண்டும். ஆனால் கட் செய்யவில்லை. போனை ஃபிளாஸ்க்கில் சாய்த்து வைத்துவிட்டுப் படுத்தாள். தூங்குகிறாள். பாதி முகம் தெரிகிறது. ஃபேன் சத்தம் கேட்கிறது.

செய்யவேண்டியவை:

1. அவளுக்கு முப்பது நாள் லீவு எப்போது என்று கேட்க.
2. எனக்கு பாஸ்போர்ட். திங்களே.
3. டிரே ரிப்பேர்.
4. மழை சாய்ந்தடித்தால் ஆன்டெனாவுக்குக் கவர் போதாது. பைப் துண்டு.
5. எட்டு மணிக்கு அவளை எழுப்ப. நான் மட்டும் கூப்பிடும் பேரைச் சொல்லி. சத்தமாக.