நைனா, நான் நேவிக்குப் போகவில்லை

ஆட்டோ கண்ணாடியில் என் போட்டோவை ஒட்டி வைத்திருந்த நைனாவுக்கு,

நீ போன பிறகு உன் ஆட்டோ ஸ்டாண்டைத் தாண்டிப் போகவே எனக்குப் பயமாக இருக்கிறது. அடையாறு டெப்போ வருவதற்கு முன்னாலேயே பஸ்ஸில் தலையைக் குனிந்துகொள்கிறேன். உன் காரியத்துக்கு ஸ்டாண்டு செல்வம் மாமாவும் மற்ற டிரைவர்களும் அடித்த கண்ணீர் அஞ்சலி பேனர் இன்னும் அங்கேதான் கட்டியிருக்கிறது. அதில் உன் படத்துக்குக் கீழே, என் பெயருக்குப் பக்கத்தில், ‘பி.இ., இந்தியக் கடற்படை அதிகாரி’ என்று போட்டிருக்கிறது.

நான் எந்தப் படையிலும் இல்லை, நைனா. விண்ணப்பம் மட்டும்தான் போட்டிருந்தேன். அது உனக்கும் தெரியும். ஆனால் போட்ட அன்றைக்கே, பொண்ணு நேவியில் ஆபீசர் ஆயிட்டா என்று ஸ்டாண்டுக்கே டீ வாங்கிக் கொடுத்தாயாமே? கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா? நீ சொன்னதை அப்படியே நம்பி அச்சடித்துவிட்டார்கள்.

பெரும்பாக்கத்தில் நம் பிளாக்கில் மாடி ஏறினாலே, “இன்னா நேவி மேடம், கப்பல் எப்போ கெளம்புது?” என்கிறாள் எதிர்வீட்டு ரோஜா அக்கா. சிரித்துக்கொண்டே போய்விடுகிறேன். இல்லை என்று சொன்னால் நீ பொய் சொன்னதாக ஆகிவிடாதா?

உனக்கு ஒரு சேதி. மற்ற இரண்டு படைகளுக்கும்கூட விண்ணப்பித்திருந்தேன். விமானப்படைத் தேர்வில் நான் தேறவில்லை. கடற்படையும் ராணுவமும் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கின்றன. இரண்டும் ஒரே வாரம், வேறு வேறு ஊர். ஒன்றை விட்டால்தான் இன்னொன்று.

கடற்படையில் தகவல் தொழில்நுட்பத்துக்கென்றே தனிப் பிரிவு. தேறினால் நான் படித்த கம்ப்யூட்டர் வேலைதான். ராணுவத்தில் நான் கேட்கும் சிக்னல்ஸ், அதாவது தகவல் தொடர்புப் பிரிவையே கொடுப்பார்கள் என்று உறுதி கிடையாது. கூடப் படித்தவர்கள் எல்லோரும், யோசிக்க என்ன இருக்கிறது, கடற்படைதான் என்கிறார்கள். அறிவுக்கு எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

ஆனால் ஆற்றோரம் குடியிருந்தபோது வீட்டுக்குள் வெள்ளம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? எந்தப் போனும் வேலை செய்யவில்லை. நானும் அம்மாவும் அவள் வேலைக்குப் போகும் கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். நீ எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் உயிரோடு இருப்பது உனக்குத் தெரியாது. அந்தப் பள்ளிக்கூட வாசலில் ஒரு ராணுவக்காரர் கம்பியை நட்டு, ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். ஊரே ஊமையாகக் கிடந்தபோது அந்தப் பெட்டிக்கு மட்டும் பதில் வந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்த வேலைதான் வேண்டும், நைனா.

நேற்று ஸ்டாண்டில் இறங்கினேன்.

“மாமா, நான் ஆர்மி இன்டர்வியூக்குப் போறேன்.”

“இன்னாம்மா சொல்ற? பேனர்ல நேவின்னு போட்டுக்கீது!”

“அது தப்பு மாமா. நான் இன்னும் எதுலயும் சேரல.”

செல்வம் மாமா பேனரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “அப்போ உங்கப்பன் வாங்கிக் குட்த்த டீ?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஐய, இதுக்கு இன்னாத்துக்கு அழுவுற? கம்ப்யூட்டர் வேல நேவிலதான் கீதுன்னு உங்கப்பன் முருகன் சொல்லிக்கினு இருந்தானே?”

“இருக்கு மாமா. ஆர்மில நான் கேக்கறது கிடைக்காமக்கூடப் போகலாம். ஆனா எனக்கு அதான் புடிச்சிருக்கு.”

“புடிச்சிக்கீதா? அப்போ போ. முருகன் இருந்தா உன்ன ரெண்டு திட்டு திட்டிட்டு, அடுத்த சவாரிலயே ஆர்மி ஆபீசருன்னு ஊரெல்லாம் சொல்லிருப்பான்.”

ராணுவத்துக்கு வருகிறேன் என்று இன்று காலை பதில் அனுப்பிவிட்டேன். தேர்வு ஐந்து நாள் நடக்குமாம். குழுவாக உட்காரவைத்துப் பேசச் சொல்வார்களாம். பஸ்ஸில் வழிவிடச் சொல்லவே குரல் எழும்பாத என்னால் அது முடியுமா? முதல் நாளே திருப்பி அனுப்பிவிட்டால்? இரண்டும் போயிற்றே என்று அம்மா என் முகத்தைப் பார்ப்பாளே, அப்போது என்ன சொல்வேன்?

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். தேறினாலும் தேறாவிட்டாலும், திரும்பி வந்ததும் அந்தச் சேதியை நானே என் வாயால் எல்லோருக்கும் சொல்வேன். எனக்காக வேறு யாரும் சொல்லும்படி விடமாட்டேன்.

பயத்தோடும் ஆசையோடும்,
உன் பொண்ணு
சத்யா