எல்லாக் கருவிக்கும் ஒரே அடுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு, மகா எழுதுவது. மூட்டுவலி தேவலையா? அம்மா நலமா? நான் நன்றாக இருக்கிறேன். இடது கையால் எழுதுவதால்தான் எழுத்து கோணல்.

ஆபீஸில் ஒரு சண்டை. ஒரே மெமரியைப் பகிர்ந்து பேசிக்கொள்ளும் கருவிகளுக்கு, அவற்றை இயக்கும் டிரைவர் புரோகிராமைக் கருவிக்கு ஒன்றாகத் தனித்தனியே எழுதி வைத்திருந்தோம். எல்லாவற்றுக்கும் பொதுவாக, கம்ப்யூட்டரின் அடிப்படை மென்பொருளான கெர்னலில் ஓர் அடுக்கை நான் வடிவமைத்தேன். மேனேஜர் அதை ஏற்று, என்னோடு வேலை பார்க்கும் டொமினிக் வருஷக்கணக்காக எழுதியதை நீக்கச் சொன்னார்.

"நான் எழுதினதை அழிச்சிட்டு நீ மேல வரியா?" என்ற டொமினிக், மேஜையிலிருந்த இரும்புப் பெட்டியை என் தலையை நோக்கி ஓங்கினார். கையால் தடுத்தேன், மூன்று விரல்கள் முறிந்தன. நான் விழுந்த பிறகும் உதைத்தார். பக்கத்து சீட் ஃபாத்திமாதான் பாய்ந்து அவரைத் தள்ளினாள்.

"போலீஸெல்லாம் வேணாம்மா, குடும்பஸ்தர்," என்றார் மேனேஜர்.

"எனக்கும் குடும்பம் இருக்கு சார்," என்று சொல்லிப் புகார் கொடுத்துவிட்டேன். டொமினிக்கைக் கைது செய்துவிட்டார்கள். என் அடுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, கவலைப்படாதீர்கள்.

முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி இரண்டு அனுப்புங்கள். சுடிதாரைத் தலைவழியாகப் போட முடியவில்லை. கட்டு மாற்றப் போக ஆட்டோ வந்துவிட்டது. அப்பா, முடிந்தால் அம்மாவையே அனுப்புங்கள். ஒற்றைக் கையால் தலை பின்ன வரவில்லை.

மகா