ஏழு தண்ணீரில் கழுவிய கோப்பி

வாய் திறக்காமலே போய்ச் சேர்ந்த என் தங்க அம்மாவுக்கு,

உன்மேல் கோபமாக இருக்கிறேன். செத்துப்போனவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். சொல்லட்டும். நீ இருந்த காலத்தில் கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்காமல் இருந்தால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

முதலில் செய்தியைச் சொல்கிறேன். சீகிரியா ஹோட்டலில் இப்போதும் காலைச் சாப்பாடு பரிமாறும் வேலைதான் எனக்கு. போன வாரம் அங்கே வெளிநாட்டு விருந்தினர்களுக்கு ஒரு கோப்பி விருந்து வைத்தார்கள். உலகத்திலேயே அரிதான கோப்பிகளாம். நீள மேசையில் வெள்ளைத் துணி விரித்து, குட்டிக் குட்டிக் குவளைகளில் ஊற்றி வைத்தோம். ஜமைக்காவின் நீல மலையில் விளைந்தது ஒன்று. பனாமாவிலிருந்து வந்த கெய்ஷா என்று ஒன்று, மல்லிகைப்பூ வாசம் அடிக்கிறதாம். நானும் மோந்து பார்த்தேன், வெந்நீர் வாசம்தான் அடித்தது. தாய்லாந்தில் யானைக்குக் கோப்பிப் பழம் கொடுத்து, அதன் லத்தியிலிருந்து பொறுக்கிய கொட்டையில் போட்டது ஒன்று. இந்தோனேசியாவில் மரநாய் தின்று கழித்த கொட்டையில் போட்டது இன்னொன்று.

கடைசிக் குவளைக்கு முன்னால் இருந்த அட்டையைப் படித்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது. அதில் நம் தோட்டத்தின் பெயர் இருந்தது அம்மா. மாத்தளைக்கு மேலே நீ மிளகும் கொக்கோவும் பறித்துப் பறித்து முதுகு கூனிப்போன அதே தோட்டம். அங்கே மரநாய்ப் பீயில் எடுக்கும் கோப்பி இப்போது தங்க நிறப் பெட்டியில் வருகிறது. அட்டையில் கீழே ஒரு வரி: ‘தோட்டத்துப் பெண்கள் அன்போடு காத்த பழைய ரகசியம்.’

அன்போடு காத்தார்களாம்! அந்த அட்டையைக் கிழித்து வாயில் போட்டு மென்று துப்பியிருப்பேன். கையிலிருந்த தட்டில் பன்னிரண்டு குவளை இருந்ததால் பொறுத்துக்கொண்டேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கும் அந்த ரகசியம் தெரியட்டும். தோட்டத்துக் கோப்பிப் பழத்தில் ஒன்றைக்கூட நாம் தொடக் கூடாது, கீழே விழுந்ததையும் எடுக்கக் கூடாது. ஆனால் மரநாய் நன்றாகப் பழுத்ததாகப் பார்த்துத் தின்றுவிட்டுப் பாறைமேல் கழித்துப் போகும் கொட்டையை யாரும் கேட்க மாட்டார்கள். காவல்காரன் காலால் தள்ளிவிட்டுப் போவான். அதைத்தான் நீ வாழையிலைக் கிழிசலில் பொறுக்கி வருவாய். மலையிலிருந்து குழாய் வழியாக விழும் பீலித் தண்ணீரில் நாம் இரண்டு பேரும் கழுவுவோம். நீ ஊற்றுவாய், நான் தேய்ப்பேன்.

“ஆறு தண்ணி போதாதாம்மா?” என்று கேட்பேன்.

“ஏழுடி. எங்கருந்து வந்துச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது.”

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று வீட்டில் இருந்ததும் அந்தக் கோப்பிதான். கொத்தமல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் போட்டு இடித்து, கருப்பட்டித் துண்டோடு கொடுத்தாய். மாப்பிள்ளையின் அம்மா இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிக் குடித்தார். நீ அடுப்படியில் நின்று என் கையைக் கிள்ளினாய். அவ்வளவு சந்தோஷம் உனக்கு.

அடுத்த கிழமை தோட்டத்து ஸ்டோரில் ஒரு கோப்பி மூட்டையைக் காணவில்லை. எங்கள் வரிசை வீடுகளை லயம் லயமாகத் தேடினார்கள். நம் ஒற்றை அறைக் காம்பிராவில் கதவுக்குப் பின்னால் சுளகில் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஸ்டோர் கொட்டையைவிடச் சுத்தமாக இருந்தது. ஏழு தண்ணீர் அல்லவா? மரநாய் வயிற்றில் இருந்து வந்தது என்று யார் நம்புவார்கள்?

மறுநாள் காலை பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை அந்தச் சுளகைத் தூக்கிக் காட்டினார். “எங்க எடுத்த, சொல்லு” என்று மூன்று தடவை கேட்டார். நீ சொல்லவில்லை. ‘பாறையில் பொறுக்கினேன்’ என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் கூட்டத்தில் நம் தோட்டத்திலேயே வேலை செய்த மாப்பிள்ளையின் சித்தி நின்றுகொண்டிருந்தாள். சம்பந்தி வீட்டுக்குப் பீக் கோப்பி கொடுத்தவள் என்று பெயர் வாங்குவதைவிடக் கள்ளி என்று பெயர் வாங்குவது மேல் என்று நினைத்தாய், இல்லையா?

உன் பேரை நிறுத்தினார்கள். மறுபடி வேலை கொடுத்த பிறகும் அந்தப் பட்டம் போகவில்லை. கோப்பிக் கள்ளி. நீ செத்த அன்று பந்தலுக்குள் இரண்டு பேர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. “யாரு, அந்தக் கோப்பிக் கள்ளியா?” என்று ஒருத்தி கேட்டாள். “ஆமா, அதுதான்” என்றாள் மற்றவள். உன்னைக் குளிப்பாட்டி நெற்றியில் பொட்டு வைத்த அதே நேரம் அம்மா!

இப்போது விருந்துக்கு வருகிறேன். அந்தக் கோப்பியைப் பற்றிப் பேசத் தோட்டக் கம்பனிக்காரர்கள் ஒரு கிழவரைக் கூட்டி வந்திருந்தார்கள். யார் தெரியுமா? அதே கணக்கப்பிள்ளை. உடம்பில் புதுச் சேட்டு, கழுத்தில் அடையாள அட்டை. திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். நம் பழைய லயத்துக்குக் கம்பி வலை அடித்து, காம்பிராவுக்கு ஒன்றாக மரநாயை அடைத்திருக்கிறார்கள். நாம் சமைத்த மூலையில் ஒன்று சுருண்டு கிடந்தது. நம்மை அடைத்தது போதாதென்று அதையும் அடைத்துவிட்டார்கள்.

கிழவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல மேனேஜர் இங்கிலீசில் சொன்னார். “அந்தக் காலத்துலயே எங்க பொம்பளைங்க விடியக்காலையில இதப் பொறுக்கிக்கிட்டுப் போவாங்க. பீலியில ஏழு தண்ணி ஊத்திக் கழுவுவாங்க. என் கண்ணால பார்த்திருக்கேன்.”

என் கண்ணால பார்த்திருக்கேன்!

தட்டை மேசைமேல் வைத்துவிட்டு நேராக அவர் முன்னால் போய் நின்றேன். தமிழில்தான் கேட்டேன்.

“பார்த்தீங்கதானே ஐயா? அப்புறம் ஏன் எங்கம்மாவ பெரட்டுல நிக்க வச்சுக் கள்ளின்னு சொன்னீங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “நீ வள்ளியம்மா மகளா?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“மூட்டை காணோம்னா யாரோ ஒருத்தர் பேர எழுதணும் மக. உங்கம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேன். ஊமை மாதிரி நின்னுச்சு. நான் என்ன செய்ய?”

மேனேஜர் என் தோளைத் தொட்டார். நான் தட்டிவிட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் அங்கிருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: “மை மதர் நொட் தீஃப்!” இரண்டு தடவை சொன்னேன். வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள் அம்மா. விருந்தில் இதுவும் ஒரு நிகழ்ச்சி என்று நினைத்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் சோறு போடும்போது வீட்டில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இத்தனை வருஷம் என் வீட்டுக்காரரிடமும் சொல்லாத ரகசியம். பெண் பார்க்க வந்த அன்று குடித்தது எந்தக் கோப்பி என்றும் சொன்னேன். திட்டினால் திட்டட்டும் என்றுதான் நினைத்தேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி தன் அம்மாவைப் பார்த்தார். அத்தைதான் பேசினார்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்டி. ஒரு வாய் குடிச்சதுமே தெரிஞ்சுச்சு. எங்க லயத்துலயும் அதத்தானே குடிச்சோம்? நம்ம மாதிரி வீடுதான்னு அப்பத்தான் மனசுக்குள்ள முடிவு பண்ணேன்.”

“பெரட்டுல நடந்தது உங்களுக்குத் தெரியாதா அத்தை?”

“என் தங்கச்சி வந்து சொன்னா.”

“அப்ப ஏன் சொல்லல?”

“நாங்களும் அதத்தான் குடிக்கிறோம்னு எந்த வாயால சொல்றது?”

சோற்றுச் சட்டியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். கேட்டாயா அம்மா? கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். சம்பந்திக்குத் தெரியும். கூட்டத்தில் நின்ற சித்திக்கும் தெரிந்துதான் இருக்கும். யாரிடமிருந்து மறைக்க ஏழு தண்ணீர் ஊற்றினாய்? யாருக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாய்? எனக்காக என்று சொல்லாதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் மற்றவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அன்று பெரட்டில் உனக்கு இரண்டு ஆள் தள்ளி நான் நின்றேன். கொட்டையைத் தேய்த்த கை என் கைதான். நீ என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய். பேசாதே என்று சொன்னாயா, பேசு என்று கெஞ்சினாயா? எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குக் கலியாணம் நடக்க வேண்டியிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

உன் திவசம் வருகிறது. இப்போது நாங்கள் இருக்கும் வீட்டுக்குப் பின்னால் கோப்பி மரம் இரண்டு நிற்கிறது, பக்கத்துப் பாறைக்கு மரநாய் இப்போதும் வருகிறது. அடைபடாத மரநாய். அது போட்டதைப் பொறுக்கிச் சுளகில் வைத்திருக்கிறேன். திவசத்தன்று காலை, பேர் கூப்பிடும் நேரத்துக்கு அந்தப் பெரட்டுக் களத்துக்குப் போவேன். அத்தையும் வருகிறேன் என்றிருக்கிறார். வரட்டும், அவரும் வாயைத் திறக்கட்டும். அந்தச் சுளகைத் தூக்கிக் காட்டி, இதைத்தான் என் அம்மா எடுத்தாள் என்று சொல்வேன்.

இந்தத் தடவை கழுவ மாட்டேன் அம்மா.

அன்று உனக்கு இரண்டு ஆள் தள்ளி நின்ற உன் மகள்,
ராஜேஸ்வரி