பையில் இல்லாதது

பெப்ரவரி 4, 2025

பையைக் கொட்டி மறுபடியும் அடுக்கினேன். டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், பம்ப், பிரேக் பேட், அலன் கீ கொத்து, செயின் டூல், செயினுக்கு மாற்றுக் கண்ணி, கியரைத் தாங்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு. எதை விடுவது? கனம் முதுகை இழுக்கிறது. ஆனால் விட்டுவிட்டுப் போகிற சாமான்தான் மலையில் தேவைப்படும்.

போன வருஷம் வரைக்கும் இந்தப் பையைக் கட்டியது என் வீட்டுக்காரர் கஜேந்திரன்தான். இப்போது கட்டிலில் முழங்காலை நீட்டிக்கொண்டு நான் கட்டுவதைப் பார்க்கிறார். ராகலைப் பக்கம் சைக்கிளோடு விழுந்ததிலிருந்து கால் மடங்குவதில்லை. வெளிநாட்டுக்காரர்களைச் சைக்கிளில் கூட்டிப் போகும் அவருடைய வேலைக்குக் கடைக்கார ஸஃப்வான் நானா என்னைக் கேட்டபோது, "போ, வேற என்ன செய்றது"ன்னு சொன்னது அவர்தான்.

பெப்ரவரி 6

நாளைக்கு ஹன்னா என்ற ஜெர்மன்காரப் பெண்ணைத் தனியாகக் கூட்டிப் போகிறேன். கந்தப்பளையிலிருந்து தேயிலைத் தோட்டப் பாதைகள் வழியாக உடப்புசல்லாவை வரைக்கும். வேறு கைட் இல்லாமல் நான் போகும் முதல் பயணம். அவர் தூங்கிய பிறகு பையை முடித்தேன். செயின் டூல் பம்பில் இடித்துச் சத்தம் போடுகிறது. என் பழைய கம்பளிச் சாக்ஸுக்குள் போட்டு அடியில் வைத்துவிட்டேன். இப்போது குலுக்கினாலும் சத்தமில்லை.

பெப்ரவரி 7

எழுத முடியவில்லை. நாளைக்கு.

பெப்ரவரி 8

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கடைக்குப் போனபோது ஸஃப்வான் நானா இல்லை, வெலிமடைக்குப் போயிருந்தார். வழக்கமாகப் பையைத் திறந்து ஒரு தடவை பார்த்துத்தான் அனுப்புவார். நேற்று யாரும் பார்க்கவில்லை. நானும் வீட்டில் கட்டியதுதானே என்று கிளம்பிவிட்டேன்.

மத்தியானம் தாண்டி மிஸ்ட் இறங்கியது, பின்னாலேயே மழை. ஓடையைக் கடந்து ஏறும்போது ஹன்னாவின் செயின் அறுந்தது. இது ஒன்றும் பெரிய வேலையில்லை. கோணிய கண்ணியைத் தள்ளி எடுத்துவிட்டு மாற்றுக் கண்ணியைப் போட்டால் முடிந்தது. பைக்குள் கைவிட்டேன். டூல் இல்லை. சாக்ஸும் இல்லை. எல்லாவற்றையும் மழையில் கொட்டினேன். மாற்றுக் கண்ணி இருக்கிறது, கோணியதைத் தள்ள டூல் இல்லை! கல்லால் தட்டிப் பார்த்தேன். விரல்தான் நசுங்கியது.

இறக்கமாக இருந்திருந்தால் செயின் இல்லாமலே உருண்டு வந்திருக்கலாம். எங்களுக்கு மிச்சமிருந்தது ஏற்றம். போனுக்கு சிக்னல் இல்லை. என் சைக்கிளை ஹன்னாவிடம் கொடுத்துவிட்டு அவளுடையதை நான் தள்ளினேன். மேலே ஏறியதும் ஒரு சின்ன இறக்கம் வந்தது. சந்தோஷமாக உருள விட்டாள்.

வெளிநாட்டுக்காரர்களுக்குக் கொடுக்கிற சைக்கிளில் முன் பிரேக் இடக்கையில். என்னுடையதில் வலக்கையில். அதை நான் சொல்லவில்லை. அந்த அவசரத்தில் ஞாபகமே வரவில்லை. பின் பிரேக் என்று நினைத்து முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தாள். தலைக்கு மேலாகப் போய் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தாள்.

மணிக்கட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது.

பம்பைக் கைக்கு அடியில் வைத்து டியூபால் சுற்றிக் கட்டினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஸாரி, ஸாரி" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் என்னிடம்! தேயிலைக் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த வீரம்மா என்ற அக்கா எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து ஹன்னாவைப் போர்த்தினார். "அழாத புள்ள, ஒனக்கு அழ நேரமில்ல. லொறி கெளம்பப் போவுது, நான் போயி நிப்பாட்டுறேன்"னு சொல்லிட்டு மழைக்குள்ள ஓடினார். கொழுந்து மூட்டைகளுக்கு நடுவே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பெப்ரவரி 9

ஸஃப்வான் நானா சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

"பைய கட்டினது நீங்கதானே தங்கச்சி?"

"நான்தான் நானா. டூல் வச்சேன்."

"வச்சா எங்க போச்சு?"

அடுத்த குரூப்புக்கு வேறு ஆள் பார்ப்பதாகச் சொன்னார்.

பெப்ரவரி 11

வச்சேனா? வைத்ததாக நினைத்துக்கொண்டேனா? சாக்ஸின் மறு கால் பெட்டியில் கிடக்கிறது. அப்படியென்றால் ஒன்றை எடுத்திருக்கிறேன். எடுத்தேன், போட்டேன், கை வைத்து அமுக்கினேன். எனக்கு என்ன பைத்தியமா?

"விடு வினோதா, போதும். ஒனக்கு எதுக்கு இந்த வேல" என்றார் கஜேந்திரன். குரலில் அப்படி ஒரு கனிவு. இவ்வளவு நாளும் எங்கே இருந்தது?

பெப்ரவரி 12

ஹன்னாவுக்கு ஆபரேஷன் வேண்டுமாம். ஊருக்குப் போய்ச் செய்துகொள்ளப் போகிறாள்.

பெப்ரவரி 15



சாப்பிடும்போது நான் மறுபடியும் அதையே புலம்பிக்கொண்டிருந்தேன். எங்கே போயிருக்கும், எங்கே போயிருக்கும் என்று. அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "சாக்ஸுக்குள்ள சுத்தி வச்சா அது டூல்னு யாருக்குத் தெரியும்? கடையில எவனாச்சும் குப்பைன்னு எடுத்துப் போட்டிருப்பான்."

நான் சாக்ஸைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. டூல் காணோம் என்று மட்டும்தான் சொன்னேன். கட்டும்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். தூங்கிக்கொண்டிருந்ததாக நினைத்தேன்.

"சாக்ஸுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரொட்டி கையிலேயே நின்றது. நான் மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவை கத்தினேன். பக்கத்து வீட்டுக் காம்பராவில் ரேடியோவைக் குறைத்தார்கள்.

"ஸஃப்வான் பைய பாப்பாருன்னு நெனச்சேன். டூல் இல்லன்னு ஒன்ன ரெண்டு வார்த்த பேசுவாரு. நீ ரோசப்பட்டு வேலைய விட்டுருவ. அவ்வளவுதான் நெனச்சேன். செயின் அறும்னு யாரு கண்டா?"

"ஏன்?"

"நான் விழுந்த ரோட்டுல நீ போற. இங்க படுத்துக்கிட்டு போன் அடிக்குமா அடிக்குமான்னு பாத்துக்கிட்டு இருக்கேன். ஒனக்கு அது புரியாது." தலையைத் தூக்காமலே சொன்னார்: "நீ நல்லா செய்றன்னு எல்லாரும் சொல்றாங்க. அதையும் தாங்க முடியல."

பெப்ரவரி 16

சமைத்தேன். வைத்தேன். தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் அழுதேன்.

பெப்ரவரி 18

ஸஃப்வான் நானாவிடம் சொன்னால் என் வேலை திரும்பக் கிடைக்கும். சித்திரையில் கடையின் பின்பக்கம் வேர்க்ஷாப் போட்டு இவரை உட்கார வைப்பதாக நானா சொல்லியிருக்கிறார். அந்த ஒரு நம்பிக்கையில்தான் இவர் காலையில் முகம் கழுவுகிறார். நான் வாயைத் திறந்தால் அது போய்விடும். திறக்காவிட்டால் நான் கையாலாகாதவள் என்ற பேரோடு இருக்க வேண்டும். ஹன்னா விழுந்த பழியும் என் தலையில்தான். ஏன் நான் சுமக்கணும்? அவர் செஞ்சதுக்கு ஏன் நான்?

நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன்.

பெப்ரவரி 19

போகவில்லை. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன்.

பெப்ரவரி 21

காலையில் எழும்பியபோது அவர் இல்லை. ஊன்றுகோலும் இல்லை. தேயிலைக் காட்டுக்குள், ஓடைக்கரையில், எல்லா இடமும் கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன். என்னென்னவோ நினைத்தேன். அதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன்.

பிறகு ஸஃப்வான் நானா எனக்குப் போன் எடுத்தார்.

"தங்கச்சி, கஜன் இங்க வந்தான். எல்லாத்தயும் அவன் வாயாலயே சொன்னான். இனிமே கடைப்பக்கம் வராதன்னு சொல்லிட்டேன். அவன என்னால நம்ப ஏலாது. அந்த ஜெர்மன் புள்ளைக்கி நான் எழுதுறேன். நீங்க திங்கட்கிழம வாங்க."

அவர் பொழுது சாய்ந்த பிறகு வந்தார். பஸ் நிற்கிற இடத்திலிருந்து அந்தக் காலோடு மேடேறி வந்திருக்கிறார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

"சொல்லிட்டேன்" என்றார்.

"தெரியும்."

துவாயை எடுத்துக் கொடுத்தேன்.

பெப்ரவரி 24

வேலைக்குப் போனேன். பையைக் கடையிலேயே கட்டுகிறேன், கடையிலேயே பூட்டி வைக்கிறேன். அவரிடம் சொன்னபோது தலையை ஆட்டினார். "அதான் சரி" என்றார்.

மார்ச் 9

ஹன்னா பதில் போட்டிருக்கிறாளாம். கையில் தகடு வைத்திருக்கிறார்களாம். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருக்கிறாள். இவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைச் சொன்னதும் எழும்பி வெளியே போய் நின்றார்.

மார்ச் 20

தோட்டத்துப் பிள்ளைகளின் பழைய சைக்கிள் ஒன்றை வாசலில் கவிழ்த்துப் போட்டுச் சக்கரம் நிமிர்த்துகிறார். யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. ஸ்பேனர் வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 5

ஆறு பேர் கொண்ட குரூப். அதே ஓடை, அதே ஏற்றம். வெயில். ஹன்னா விழுந்த கானைத் தாண்டும்போது எல்லாரையும் இறங்கி உருட்டச் சொன்னேன். ஒரு டியூப் மட்டும்தான் போனது.

மேலே சிக்னல் கிடைத்ததும் அவர்கள் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று வீட்டுக்குப் போன் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. முதல் மணியிலேயே தூக்கிவிட்டார்.

"என்ன? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. சாப்பிட்டீங்களா?"

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"சாப்பிட்டேன். நீ பாத்து வா—" என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு சொன்னார்: "ஒண்ணுமில்ல. ஓட்டிட்டு வா."