இருபத்துநான்கு வோல்ட்டில் பதிந்த உன் சிரிப்பு

என் அன்புக்கும் ஆற்றாமைக்கும் ஒருங்கே உரிய ரூபி,

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நீ மறைந்து ஓராண்டு நிறைகிறது. இராஜபாளையத்தில் உங்கள் தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில் நினைவு ஜெபம் என்று உன் வீட்டுக்காரர் அழைத்திருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்கு எதிரே தட்டச்சுக் கடை வைத்து, பிறருக்காக அன்றாடம் மனு எழுதுகிறவள் நான். எனக்காக எழுதிக்கொள்ளும் முதல் மனு இது.

உன் மீது எனக்கு இருந்தது பொறாமை. அதனை மூடிவைக்க மென்மையான வேறொரு சொல்லைத் தேடினேன். கிடைத்த எதுவும் பொய்யாக இருந்தது.

நாம் இருவரும் செய்தது ஒரே வேலை. கையடக்க ரெக்கார்டரும் மைக்கும் எடுத்துக்கொண்டு பஜனைக் குழு, பாடகர் குழு, மம்சாபுரத்து வயல்களில் நடவுப் பாட்டு எனப் போகுமிடமெல்லாம் ஒலிப்பதிவு செய்தோம். நீ அதனைக் கல்லூரியில் கற்றாய். நான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரெக்கார்டரோடு வந்த புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை வாசித்துக் கற்றேன். ஆயினும் உன் பதிவில் பாடுகிறவரின் மூச்சு கேட்டது. என் பதிவில் பாட்டுக்குப் பின்னால் எண்ணெய்ச் சட்டி காய்வதுபோல் ஓயாத இரைச்சல் கேட்டது. நீ வைத்திருந்த அதே ரக மைக்கை நானும் வாங்கினேன். இரைச்சல் போகவில்லை.

அது மட்டுமா? என் ஊர்ப் பால்கோவாக் கடைக்காரர் உன்னைக் கண்டால், "வாங்கம்மா, சூடா இறக்கியிருக்கேன்" என்று இலையில் ஒரு கரண்டி கூடுதலாக வைப்பார். பிறந்தது முதல் அதே தெருவில் இருக்கும் எனக்கு எடைபோட்ட அளவுக்கு மேல் ஒரு துளி கிடைத்ததில்லை. என்ன மாயம் வைத்திருந்தாய் நீ?

என்னைவிட ஏழு மாதம் மூத்தவள் என்ற உரிமையில், உன் மகள் பெனிட்டாவை என்னைச் 'சித்தி' என்று அழைக்கப் பழக்கினாய். நானோ ஒருநாளும் உன்னை 'அக்கா' என்று அழைத்தேனில்லை. அழைத்தால் தோற்றுவிடுவேன் என்று நினைத்தேன்.

சென்ற வாரம் பெனிட்டா என் கடைக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரவுமில்லை.

"சித்தி, அம்மா குரல் உங்ககிட்ட எங்கயாவது இருக்கா? அவிய எல்லாப் பதிவுலயும் தன் பேச்ச வெட்டிட்டாவ. போன்லயும் எழுதித்தான் அனுப்புவாவ. கல்யாண வீடியோல மேளந்தான் கேக்கு. ஜெபத்தன்னைக்கு மண்டபத்துல போடணும், எம்புட்டு தேடியும் கிடைக்கல சித்தி."

"தேடிப் பாக்கேன்மா" என்றேன்.

பொய். தேட வேண்டிய தேவையே எனக்கு இல்லை. அது எந்தக் கோப்பில், எத்தனையாவது நிமிடத்தில் இருக்கிறது என்பதை நான் மனப்பாடமாக அறிவேன்.

நினைவிருக்கிறதா? கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகை. நீ அழைத்து நான் வந்திருந்தேன். பாடகர்கள் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். என் ரெக்கார்டரை நிறுத்தாமல் வைத்திருந்தேன். நீ குனிந்து அதன் திரையைப் பார்த்தாய்.

"ஏட்டி கோமதி, நாப்பத்தெட்டு வோல்ட்டு கேக்குற மைக்குக்கு இருவத்திநாலு ஊத்துதியே! அரை வயித்தோட அது என்னத்தட்டி பாடும்? பேட்டரிய மிச்சம் பிடிச்சு கோபுரமா கட்டப் போற?"

"எனக்கும் பொஸ்தகம் படிக்கத் தெரியும். காலேஜுல படிச்சாத்தான் மூளை வருமாக்கும்? ஒன் பீத்தல ஒன் வீட்டோட வச்சுக்க. என் மைக்க தொடாத."

நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். பிறகு சிரித்தாய். அடிவயிற்றிலிருந்து, மூக்கால் ஒரு சீறலோடு முடிகிற சிரிப்பு. "சரிட்டி ஆத்தா, கோவிச்சுக்காத. டீ ஆறுது, வா."

நீ மறைந்தபின் உன் வீட்டுக்காரர் உன் ஒலிப்பதிவுப் பையை என்னிடமே கொடுத்தார். பல மாதங்கள் அதனைத் திறக்கவில்லை. பெனிட்டா வந்துபோன மறுநாள் காலை திறந்தேன். உன் ரெக்கார்டரில் நாற்பத்தெட்டு வோல்ட் என்றிருந்தது. பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடாதிருக்க ஒரு பவர் பேங்கை இணைத்து, அதற்கென்று பைக்குள்ளேயே ஒரு துணி உறை தைத்து வைத்திருந்தாய். அவ்வளவுதானா உன் மாயம்?

என் மைக்கின் பெட்டியைத் தேடியெடுத்தேன். அடியில் ஒரு தாள், வாங்கியபோது மடித்திருந்த மடிப்புக் கலையாமல் இருந்தது. நம் மைக்குக்குத் தனக்கென்று பேட்டரி கிடையாது. ஒலி போகும் அதே கம்பி வழியாக ரெக்கார்டரிடமிருந்து நாற்பத்தெட்டு வோல்ட் பெற்றாக வேண்டும் என்று முதல் வரியிலேயே அச்சிட்டிருந்தார்கள். இருபத்துநான்கில் வைத்தால் பேட்டரி நீடிக்கும் என்று ரெக்கார்டரின் புத்தகம் சொன்னதைப் பெருமையோடு கடைப்பிடித்தவள், மைக்குக்கும் ஒரு தேவை இருக்கும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. குறைந்த மின்சாரத்தில் அது முனகியது. கேட்கவில்லையே என்று நான் ஒலியளவைக் கூட்டினேன். கூடவே இரைச்சலும் ஏறியது.

நாற்பத்தெட்டுக்கு மாற்றிவிட்டு, கடைக்குள் வெறுமனே பதிந்து பார்த்தேன். எதிரே வேப்பமரத்தில் ஓர் அணில் ஓடும் நகச் சத்தம் கேட்டது. மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. நீ சொன்னது சரியாக இருந்ததே என்ற பொறாமை. நான் அவமதித்த பிறகும் உன்னால் சிரிக்க முடிந்ததே என்ற பொறாமை. அதற்கு எந்தக் கல்லூரியில் படித்தாய், ரூபி?

உன் குரல் என்று உலகில் எஞ்சியிருப்பது என் குறைப்பட்ட பதிவில்தான் இருக்கிறது. அதனைக் கொடுத்தால் மண்டபம் முழுவதும் என் இரைச்சலைக் கேட்கும். உன்னை நான் பேசிய பேச்சையும் கேட்கும். உன் சிரிப்பை மட்டும் வெட்டியெடுத்துப் பார்த்தேன். எதற்குச் சிரிக்கிறாய் என்பது தெரியாமல், அது யாரோ ஒருத்தியின் சிரிப்பாகிவிட்டது. மென்பொருளால் இரைச்சலை அகற்றினேன். அந்த மூக்குச் சீறலும் சேர்ந்து போயிற்று. அது போனபின் பெனிட்டாவுக்கு அதில் என்ன இருக்கிறது?

ஆகவே இதனால் உனக்கு உறுதி கூறுகிறேன். ஒரு நொடியும் வெட்டாமல், ஒரு துளி இரைச்சலும் துடைக்காமல், ஞாயிறன்று அதனை உன் மகள் கையில் கொடுப்பேன். அது ஒலிக்கும்போது முன்வரிசையில் அமர்ந்திருப்பேன். என் பேச்சு வருமிடத்தில் தலை குனியமாட்டேன். உன் சிரிப்பு வந்ததும் எல்லாரும் அழுவார்கள். அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

இனி என் மைக்கைப் பட்டினி போடமாட்டேன், அக்கா.

உன் மகளுக்குச் சித்தி,
ஆகவே உனக்குத் தங்கை,
கோமதி